புற்றுச் செல்லையே மரபணு மாற்றி ஊசியாகப் போடும் சிகிச்சை: எதுவரை வந்திருக்கிறது?

செம்பருத்தி:
வணக்கம். புற்றுநோய்த் தடுப்பூசிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கட்டியிலிருந்து செல்லை எடுத்து, அதற்குள் ஒரு மரபணுவைச் செருகி, திரும்ப நோயாளியின் உடம்பிலேயே ஊசியாகப் போடுகிறார்களாம். முள்ளை முள்ளால் எடுப்பது என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கேள்வி உறுத்துகிறது. ஒன்று, போட்ட செல் உள்ளே போய் இன்னொரு கட்டியாக வளராதா? இரண்டு, முப்பது வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது, எலிகளுக்குப் பலன் கிடைத்தது என்கிறார்கள். அப்புறம் ஏன் எந்த ஆஸ்பத்திரியிலும் இது இல்லை? தெரிந்தவர்கள் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். சுட்டியை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

கண்ணாடிக்குடுவை:
செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஊசி தயாராகும் இடத்தில் இல்லை, ஆனால் கையாளும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முடிந்தவரை சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் கேள்வி. ஊசியில் ஏற்றும் முன் அந்தச் செல்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிடுவார்கள். 100 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது சில ஊசிகளில் பயன்பட்ட அளவு. மனித உடம்பு முழுவதும் 4, 5 கிரே ஒரே நேரத்தில் பட்டால், சிகிச்சை இல்லாதபோது பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு வாங்கிய செல்லின் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும், அதனால் இனி இரண்டாகப் பிரிய முடியாது. ஆனால் உடனே சாவதில்லை, அதுதான் இதில் வேடிக்கை. தட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சில செல்கள் உப்பிப் பெரிதாகத் தெரியும். எண்ணிக்கை மட்டும் கூடாது. அந்தச் சில நாட்களில் உள்ளே செருகிய மரபணு சொன்ன புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். பத்து லட்சம் செல் 24 மணி நேரத்தில் எத்தனை நானோகிராம் சுரக்கிறது என்று அளந்து, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுவார்கள்.

எந்தப் புரதம்? இங்கேதான் 1993 வருகிறது. கிளென் டிரானாஃப், ட்ரூ பார்டோல், ரிச்சர்ட் மல்லிகன் குழுவினர் எலியின் பி16 என்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) செல்லை எடுத்து, நோயெதிர்ப்பைத் தூண்டும் பல மரபணுக்களைத் தனித்தனியாகச் செருகி ஒப்பிட்டார்கள். வென்றது ஜிஎம்-சிஎஸ்எஃப், எதிர்ப்புசக்திச் செல்களை வரவழைக்கும் ஒரு புரதம். அந்தச் செல்லை ஊசியாகப் பெற்ற எலிகளுக்குப் பிறகு உயிருள்ள பி16 செல்லைப் போட்டபோதும் பெரும்பாலானவற்றில் கட்டி வரவில்லை.

வேலை செய்யும் விதம் சுருக்கமாக இதுதான். ஊசி போட்ட இடத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப் சுரந்தால் டென்ட்ரிடிக் செல்கள் என்ற எதிர்ப்புசக்தியின் காவல் செல்கள் அங்கே கூடும். செத்துக்கொண்டிருக்கும் புற்றுச் செல்லை விழுங்கி, அதன் புரதத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டும். அடையாளம் தெரிந்துகொண்ட டி செல்கள் உடம்பெங்கும் தேடிப் போகும். புற்றின் எந்தப் புரதம் முக்கியம் என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. முழுச் செல்லையும் கொடுத்துவிட்டால் உடம்பே பொறுக்கிக்கொள்ளும். எனக்கு இந்த யோசனையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

தெற்குக்காற்று:
படிக்கும்போதே கை நடுங்குகிறது. கதிர்வீச்சில் ஒரே ஒரு செல் தப்பிவிட்டால்?

பழையபேனா:
தம்பி, இதற்கு ஒரு வரலாறு உண்டு. அசிங்கமான வரலாறு. 1950களில் செஸ்டர் சவுத்தம் என்ற அமெரிக்க டாக்டர், கதிர்வீச்சு எதுவும் கொடுக்காத, உயிருள்ள புற்றுச் செல்லையே மனிதர்களுக்கு ஊசியாகப் போட்டார். 1956இல் ஒஹாயோ மாநிலச் சிறைக் கைதிகளுக்கு. ஆரோக்கியமாக இருந்தவர்களின் உடம்பு சில வாரங்களில் அதை ஒழித்துக்கட்டிவிட்டது. ஏற்கெனவே புற்றுநோய் முற்றியவர்களிடம் ஒழிய அதிக நாள் பிடித்தது, சிலரிடம் திரும்ப வளர்ந்தது. 1963இல் புரூக்ளினில் நாள்பட்ட நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில் 22 நோயாளிகளுக்கு, ஊசியில் இருப்பது புற்றுச் செல் என்று சொல்லாமலே போட்டார். அது வெளியே வந்து பெரிய விவகாரமாயிற்று. ஆராய்ச்சிக்கு முன் நோயாளியிடம் விளக்கிக் கையெழுத்து வாங்கும் விதிகள் இறுகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து கிடைக்கும் மருத்துவத் தகவலைச் சொல்லக்கூட வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். இன்னொருவரின் புற்றுச் செல் நம் உடம்பில் நிலைப்பது கடினம். உறுப்பு மாற்றத்தில் நிராகரிப்பது போலவே உடம்பு இதையும் நிராகரிக்கும். எதிர்ப்புசக்தி தளர்ந்தவருக்கு மட்டும் அந்த உத்தரவாதம் கிடையாது.

கண்ணாடிக்குடுவை:
நன்றி ஐயா. தெற்குக்காற்று கேட்டதற்கு நேரடி பதில்: கதிர்வீச்சு கொடுத்த தொகுதியில் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள், ஏதாவது பெருகினால் அது ஊசிக்குப் போகாது. ஆனால் செல் மரபணு மாற்றத்தில் விபத்தே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 2018இல் வெளியான ஒரு நிகழ்வு உண்டு. கார்-டி சிகிச்சைக்காக (புற்றைத் தாக்கும்படி டி செல்லுக்குள் மரபணு செருகித் திரும்பப் போடுவது) நோயாளியின் டி செல்களை மாற்றும்போது, கூட ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு ரத்தப் புற்றுச் செல்லுக்குள்ளும் அதே மரபணு நுழைந்துவிட்டது. அது எந்த அடையாளத்தை வைத்து வேட்டையாடப்பட வேண்டுமோ அந்த அடையாளத்தையே அந்த மரபணு மறைத்துவிட்டது, நோய் திரும்பியது. அது வேறு சிகிச்சை, அங்கே கதிர்வீச்சு இல்லை. ஆனால் இந்தத் துறையில் தரக் கட்டுப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது அதில் புரியும்.

விடியல்மணி:
எலிக்கு வேலை செய்தது, மனிதனுக்கும் பாதுகாப்பானது, பின் என்ன தடை? கீமோ விற்கிற கம்பெனிகள் அமுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். குணமாகிவிட்டால் வியாபாரம் ஏது?

எண்ணெழுத்து:
மணி சார், அமுக்கிய கதை என்றால் செல் ஜெனிசிஸ் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். இந்த ஊசியை ஜிவாக்ஸ் என்ற பெயரில் புராஸ்டேட் புற்றுக்குக் கொண்டுவர முயன்றவர்கள் அவர்கள். நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்து போதுமான செல் வளர்த்தெடுப்பது புராஸ்டேட்டில் பெரிய தலைவலி. அதனால் ஆய்வகங்களில் நெடுங்காலமாக வளரும் இரண்டு செல் வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று நிணநீர்க் கணுவுக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த எல்என்கேப், மற்றது எலும்புக்குப் பரவியதிலிருந்து வந்த பிசி-3. இரண்டிலும் ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணு. எல்லா நோயாளிக்கும் ஒரே ஊசி, உறைநிலையில் வைத்து அனுப்பலாம்.

சிறிய சோதனைகள் நம்பிக்கை தந்தன. அதன்மேல் இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகள். வைட்டல்-1இல் 626 பேர்: ஒரு பிரிவுக்கு ஊசி மட்டும், மற்றதற்கு டோசிடாக்செல் கீமோவும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும். வைட்டல்-2இல் 408 பேர்: ஊசியும் டோசிடாக்செலும் ஒரு பக்கம், டோசிடாக்செலும் பிரெட்னிசோனும் மறுபக்கம். 2008 ஆகஸ்டில் வைட்டல்-2ஐ அவசரமாக நிறுத்தினார்கள். ஊசி பெற்ற பிரிவில் 67 மரணம், மற்றதில் 47. அதே ஆண்டு அக்டோபரில் வைட்டல்-1ஐயும் நிறுத்தினார்கள். தொடர்ந்தாலும் வெல்லும் வாய்ப்பு 30 சதவீதத்துக்கும் கீழே என்று இடைக்கணக்கு காட்டியது. அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி இன்னொன்றுக்குள் போய் ஐக்கியமாகிவிட்டது.

இதில் யார் எதை அமுக்கினார்கள்? தன் மொத்தப் பணத்தையும் இதில் கட்டிய கம்பெனியே தோல்வியைப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு முடிந்துபோனது.

விடியல்மணி:
ஒரு கம்பெனி தோற்றால் யோசனையே தோற்றதாகுமா?

எண்ணெழுத்து:
ஒன்று என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். இன்னும் கேளுங்கள்.

லூகானிக்ஸ். நான்கு நுரையீரல் புற்றுச் செல் வரிசைகள். இதில் ஊக்கி எதையும் சேர்க்கவில்லை. புற்று தன்னை மறைத்துக்கொள்ளச் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா2 என்ற புரதத்தை அடக்கும் மரபணுவைச் செருகினார்கள். 532 பேர். இடைநிலை வாழ்நாள் 20.3 மாதம், போலி ஊசி பெற்றவர்களுக்கு 17.8. வித்தியாசம் தற்செயலைத் தாண்டவில்லை.

அல்ஜென்பான்டூசெல். கணையப் புற்று, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், 722 பேர். இதன் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை பன்றி, மாடு உடம்பில் உண்டு, மனிதருக்குக் கிடையாது. குடல் பாக்டீரியாக்களின் புண்ணியத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் எல்லோர் ரத்தத்திலும் ஏற்கெனவே ஓடுகிறது. பன்றி உறுப்பை அப்படியே பொருத்தினால் சில நிமிடத்திலோ மணி நேரத்திலோ கருகிப்போவது அதனால்தான். அந்தச் சர்க்கரையைப் புற்றுச் செல்லின் மேல் பூச வைக்கும் மரபணுவைச் செருகினார்கள். 2016இல் முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 30.4 மாதம், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்கள் 27.3.

மூன்று உறுப்பு, மூன்று வெவ்வேறு மரபணு, எல்லாம் வெளியார் செல் வரிசை. ஒன்றுகூடத் தேறவில்லை.

செம்பருத்தி:
அப்படியென்றால் எலி ஏன் பிழைத்தது? எனக்கு அதுதான் புரியவில்லை.

கண்ணாடிக்குடுவை:
சரியான கேள்வி அக்கா. எலிச் சோதனையின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்.

அந்த எலிகள் எல்லாம் ஒரே மரபணு கொண்ட வளர்ப்பு இனம். ஊசியில் உள்ள பி16ம், பிறகு கட்டியை உண்டாக்கப் போட்ட பி16ம் ஒரே செல் வரிசை. அடையாளம் நூற்றுக்கு நூறு பொருந்தும். மனிதச் சோதனையிலோ யாரோ ஒருவரின் கட்டியிலிருந்து வந்த செல்லைக் காட்டிவிட்டு, இவருடைய கட்டியைக் கண்டுபிடி என்கிறோம்.

அடுத்தது நேரம். எலிகளுக்கு ஊசியை முன்னாடியே போட்டுவிட்டுப் பிறகு கட்டிச் செல்லைப் போட்டார்கள். கட்டி நன்றாக வேர் பிடித்த பிறகு இதே ஊசியைப் போட்டால் பி16 பெரும்பாலும் அசைவதில்லை. மனிதருக்கோ கட்டி பல வருடம் வளர்ந்து, தன்னைச் சுற்றி எதிர்ப்புசக்தியை மழுங்கடிக்கும் செல்களையெல்லாம் குடியேற்றிக்கொண்ட பிறகுதான் டாக்டரிடமே வருகிறோம்.

இன்னொன்று ஜிஎம்-சிஎஸ்எஃப் பற்றியே. 2004இல் ஒரு எலி ஆய்வு: ஊசியில் அதன் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மைலாய்டு செல்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதிகம் போட்டால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இனி சுவாரசியமான இடம். 1999இல் ஜேம்ஸ் ஆலிசன் குழுவினர் (2018இல் நோபல் பெற்றவர்) இதே பி16 ஊசியோடு, டி செல்லின் பிரேக்காக இருக்கும் சிடிஎல்ஏ-4 புரதத்தின் தடுப்பானைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தடுப்பானை மட்டும் கொடுத்தால் பி16 கண்டுகொள்ளவில்லை. ஊசி மட்டும் கொடுத்தாலும் வளர்ந்த கட்டி போகவில்லை. இரண்டும் சேர்ந்தபோது ஏற்கெனவே வளர்ந்திருந்த கட்டிகள் பல மறைந்தன. டி செல்லுக்கு முகத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அதன் பிரேக்கையும் விடுவிக்க வேண்டும்.

மாலைநேரவார்டு:
புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். சோதனைகளில் ஊசி போடும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜிவாக்ஸ் கணையப் புற்றுக்கும் உண்டு, அதை ஒரே இடத்தில் போடுவதில்லை. கை, தொடை என்று பிரித்து, தோலுக்குள்ளேயே சிறு சிறு கொப்புளமாக எழும்பும்படி போடுவார்கள். அந்த இடங்கள் சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலோருக்குப் பக்கவிளைவு அவ்வளவுதான், கீமோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இந்தச் சிவப்பைப் பார்த்து "நன்றாகப் பிடித்திருக்கிறது, வேலை செய்கிறது" என்று குடும்பத்தார் மகிழ்வதுண்டு. தோலில் நடப்பதும் கட்டிக்குள் நடப்பதும் வேறு வேறு என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

கட்டிக்குள்ளேயும் ஏதோ நடக்கிறது என்பதற்கு 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து ஒரு சான்று வந்தது. எலிசபெத் ஜாஃபி குழுவின் வேலை. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பு இந்த ஊசியைப் போட்டு, பிறகு வெட்டியெடுத்த கட்டியைப் பார்த்தார்கள். 39 பேரில் 33 பேரின் கட்டிக்குள் நிணநீர்க் கணு போன்ற புதிய செல் திரள்கள். கணையக் கட்டி பொதுவாக டி செல்களை உள்ளே அண்டவே விடாது, அதனால் இது சாதாரண விஷயம் அல்ல.

எண்ணெழுத்து:
அதே ஊசியின் அடுத்த அத்தியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த இழையில் நான் சொல்ல வந்ததற்கு அதுதான் நல்ல உதாரணம்.

2015: 90 கணையப் புற்று நோயாளிகள். ஜிவாக்ஸோடு, லிஸ்டீரியா பாக்டீரியாவை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய இன்னொரு தடுப்பூசியையும் சேர்த்துப் பெற்றவர்கள் 6.1 மாதம். ஜிவாக்ஸ் மட்டும் பெற்றவர்கள் 3.9 மாதம். செய்தித்தாள்களில் கொண்டாட்டம். ஆனால் அங்கே கீமோ பிரிவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஊசியை ஊசியோடு ஒப்பிட்டார்கள்.

அடுத்த சோதனையில் கீமோ பிரிவையும் வைத்தார்கள், முடிவு 2019இல் வந்தது. இரண்டு ஊசியும் சேர்ந்து 3.7 மாதம். லிஸ்டீரியா ஊசி மட்டும் 5.4. கீமோ 4.6. ஜிவாக்ஸ் சேர்ந்ததால் நன்மை எதுவும் தெரியவில்லை.

ஒப்பீட்டுப் பிரிவில் என்ன இருந்தது என்று பார்க்காமல் மாதக் கணக்கை மட்டும் படிப்பது எனக்கு அறவே ஒவ்வாது. கட்டிக்குள் திரள் உருவானது உண்மை. நோயாளி கூடுதல் நாள் வாழ்ந்தார் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது.

கண்ணாடிக்குடுவை:
நீங்கள் சொன்ன மூன்றும் வெளியார் செல். சொந்தச் செல்லை மறந்துவிட்டீர்களே. விஜில் என்ற ஊசி: நோயாளியின் சொந்தச் சினைப்பைக் கட்டியிலிருந்து செல்லை எடுத்து இரண்டு வேலை ஒரே நேரத்தில் செய்கிறது. ஜிஎம்-சிஎஸ்எஃப்ஐச் சேர்க்கிறது, ஃபியூரின் என்ற நொதியை அடக்குகிறது. ஃபியூரின் இல்லாவிட்டால் டிஜிஎஃப்-பீட்டா முழுமையடையாது, ஆகவே மறைப்பும் விலகும். 2020இல் 91 பேரின் முடிவு வந்தது. நோய் திரும்பாமல் இருந்த காலம் 11.5 மாதம், போலி ஊசிக்கு 8.4. டிஎன்ஏவைச் சரிசெய்யும் பிஆர்சிஏ மரபணுவில் பழுது இல்லாதவர்களிடம் இடைவெளி இன்னும் அதிகம்.

எண்ணெழுத்து:
முதன்மை இலக்கைத் தவறவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள் குடுவை. பி மதிப்பு 0.078, அதுவும் ஒருபக்கக் கணக்கில், அதாவது தற்செயலை ஒதுக்கும் அளவுக்கு வித்தியாசம் போதவில்லை. மொத்தத்தில் தேறாதது ஒரு துணைக்குழுவில் தேறினால், அது அடுத்த சோதனைக்கான கேள்வி. மருந்துக் கடைக்கான பதில் அல்ல.

கண்ணாடிக்குடுவை:
அடுத்த சோதனை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிஆர்சிஏ பழுது இல்லாதவர்களுக்குப் பலன் கூடுதல் என்பதற்கு உயிரியல் விளக்கம் ஒன்று உண்டு. அவர்களுடைய கட்டியில் பிறழ்வுகள் குறைவு, அதனால் இருக்கிற பிறழ்வுகள் எல்லாச் செல்லிலும் பொதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். குறி சிதறாது.

எண்ணெழுத்து:
முடிவைப் பார்த்த பிறகு விளக்கம் சொல்ல என்னாலும் முடியும். எதிர்மாறாக வந்திருந்தால், பிஆர்சிஏ பழுதுள்ளவர்களுக்குப் பிறழ்வு அதிகம், அதனால் குறியும் அதிகம் என்று சொல்லியிருப்பீர்கள்.

பழையபேனா:
இருவரும் சண்டை போடாதீர்கள். சரி, எனக்கு ஒரு சந்தேகம். செல்லை வெளியே எடுத்து, மாற்றி, கதிர்வீச்சு கொடுத்து, திரும்பப் போடுவதற்குப் பதில், கட்டி இருக்கிற இடத்திலேயே மரபணுவைக் கொண்டுபோய் இறக்கினால் என்ன?

கண்ணாடிக்குடுவை:
ஐயா, இறக்கினார்கள், ஜெயித்தும் விட்டார்கள். டி-வெக் என்று பெயர். ஹெர்பிஸ் வைரஸை வலுவிழக்கச் செய்து, அதற்குள் நம் பழைய ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணுவையே வைத்து, மெலனோமாக் கட்டிக்குள் நேரடியாக ஊசி போடுவது. 436 பேரின் சோதனை. நீடித்த சுருக்கம் 16.3 சதவீதம் பேருக்கு. ஒப்பீட்டுப் பிரிவில் 2.1. எண்ணெழுத்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஒப்பீட்டுப் பிரிவு பெற்றது வெறும் ஜிஎம்-சிஎஸ்எஃப் ஊசி. 2015 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செம்பருத்தி அக்கா கேட்ட "ஆஸ்பத்திரியில் ஏன் இல்லை" என்பதற்குப் பாதிப் பதில் இது. புற்றுச் செல்லுக்குள் மரபணு போகிறது, ஆனால் அது நோயாளியின் உடம்புக்குள்ளேயே நடக்கிறது.

எண்ணெழுத்து:
அந்த 16.3 நியாயமாகச் சம்பாதித்த எண். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊசி எட்டாத உள்ளுறுப்புகளுக்குப் பரவியவர்களிடம் பலன் மிகக் குறைவு என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தெற்குக்காற்று:
2023இல் மூளைக் கட்டிக்கு உயிருள்ள புற்றுச் செல்லையே தடுப்பூசியாக்கினார்கள் என்று ஒரு காணொளி வந்ததே, அது உண்மையா?

கண்ணாடிக்குடுவை:
உண்மை, ஆனால் எலியில். பாஸ்டனில் காலித் ஷா குழு. கதிர்வீச்சு கொடுத்த செல் ஊசி போட்ட இடத்திலேயே கிடந்து சாகும். உயிருள்ள புற்றுச் செல்லோ கட்டி இருக்கும் இடத்தை நோக்கித் தானே நகரும். அந்தக் குணத்தைப் பயன்படுத்த நினைத்தார்கள். செல்லை இன்டர்ஃபெரான்-பீட்டா சுரக்க வைத்தால் அது பக்கத்துப் புற்றுச் செல்லைக் கொல்லும், ஆனால் சுரக்கும் செல்லும் அதிலேயே செத்துவிடும். அதனால் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அதன் இன்டர்ஃபெரான் ஏற்பியை முதலில் நீக்கிவிட்டார்கள். கூடவே ஜிஎம்-சிஎஸ்எஃப். வேலை முடிந்ததும் மருந்து கொடுத்துச் செல்லைக் கொல்வதற்கு இரட்டைப் பாதுகாப்பு மரபணு. திறமையான கட்டுமானம். கதிர்வீச்சு இல்லாத புற்றுச் செல்லை மனிதருக்குப் போட நெறிமுறைக் குழு ஒப்புவதற்கு முன், அந்தப் பாதுகாப்பு மரபணுவைச் செல் பிறழ்வில் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

மாலைநேரவார்டு:
இடையில் ஒரு வேண்டுகோள். "செல் தடுப்பூசி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் தனியார் இடங்களுக்குப் போய்விட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். ஒப்புதல் பெறாத ஊசி என்றால் அது பதிவு செய்த சோதனையாக இருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் சோதனைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எந்தச் செல், எந்த மரபணு, ஒப்பீட்டுப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். எண் கொடுக்க இழுத்தடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

செம்பருத்தி:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வெளியார் செல்லைப் போடும்போது, உறுப்பு மாற்றத்தில் பார்ப்பது போலத் திசுப் பொருத்தம் பார்க்க வேண்டாமா? பொருந்தாத செல்லை நம் டி செல் எப்படிப் படிக்கும்?

கண்ணாடிக்குடுவை:
பார்க்க வேண்டாம். டி செல் அந்த வெளியார் செல்லிடம் நேரடியாகப் பாடம் கற்பதில்லை. நோயாளியின் சொந்த டென்ட்ரிடிக் செல் அதை விழுங்கி, துண்டுகளைத் தன் சொந்தத் திசு அடையாளத்தில் ஏற்றிக் காட்டுகிறது. 1994இலேயே எலியில் இதை நிரூபித்துவிட்டார்கள். ஒரே ஊசியை எல்லோருக்கும் போடலாம் என்ற துணிச்சல் அதிலிருந்துதான் வந்தது.

இடறியது வேறு இடத்தில். டி செல் கோபமாகப் பாயும் குறிகள் பெரும்பாலும் அந்தந்தக் கட்டியின் சொந்தப் பிறழ்வுகள், ஒருவருடையது இன்னொருவரிடம் இருப்பது அபூர்வம். வெளியார் செல் வரிசையில் அவை கிடைக்காது. அதனால்தான் இப்போது பலரும் செல்லையே விட்டுவிட்டு, கட்டியின் மரபணுவைப் படித்து, அதிகபட்சம் 34 பிறழ்வுகளை எம்ஆர்என்ஏவாக எழுதிப் போடும் வழிக்குப் போய்விட்டார்கள். மெலனோமாவில் 157 பேரின் சோதனையில், டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அல்லது மரணம் என்ற ஆபத்து 44 சதவீதம் குறைந்தது.

எண்ணெழுத்து:
இரண்டாம் கட்டச் சோதனை அது. மூன்றாம் கட்டம் முடியட்டும், இதே இழையில் வந்து பேசிக்கொள்வோம்.